பதினோரு மணிச் சண்டை

நான் கத்தலேன்னு சொல்லவே இல்லையே மேடம். கத்தினேன்தான். தட்ட ணங்குன்னு வெச்சேன். வாய மூடிக்கிட்டு மாத்திரையப் போடுங்கன்னும் சொன்னேன். உங்க கையில இருக்கற கம்ப்ளைண்ட் தாள்ல இருக்கறது அத்தனையும் நெசம். அதுக்காக என்னை இந்த வீட்ட விட்டு மாத்திடாதீங்க. பெரியவரப் பாத்துக்கறதுக்குன்னு உங்க ஆபீஸ் குடுத்த ஃபாரத்துல இருக்கறதத்தான நான் செஞ்சேன்.

மூணாவது பக்கம் திருப்புங்க. பெரியவரோட மக எழுதிக் குடுத்தது. நான் அஞ்சாவதுதான் படிச்சிருக்கேன், எழுத்துக்கூட்டிதான் படிப்பேன், ஆனா அது எனக்கு மனப்பாடம். எட்டு மணிக்குக் குளியல். ஒம்போது மணிக்கு பிரஷர் மாத்திரை. பதினோரு மணிக்கு ஒரு சண்டை, இருபது நிமிஷம். விஷயம் எதுவா இருந்தாலும் சரி. அப்பாவ ஜெயிக்க விடாதீங்க, தோக்கடிக்கவும் செய்யாதீங்க.

பாத்தீங்களா. நீங்க கையெழுத்துப் போட்ட ஃபாரம்தான் மேடம். யாரு அவ்ளோ தூரம் படிக்கறாங்க.

அவரு முப்பத்திநாலு வருஷம் பஸ் கண்டக்டரு. காலைல வண்டி ஏறினா ராத்திரி எறங்கற வரைக்கும் யாரோடயாவது மல்லுக்கட்டிக்கிட்டே இருந்த மனுஷன். ரிட்டயர் ஆனதும் மகதான் சண்டைக்கு ஈடு குடுத்திருக்காங்க. அவங்களும் வேல மாத்தி வெளியூர் போனாங்களா, இவரு அப்படியே அடங்கிப் போயிட்டாரு. எனக்கு முன்னாடி வந்த ரெண்டு பேரும் தங்கமானவங்களாம். எது சொன்னாலும் சரிங்கய்யா, சரிங்கய்யான்னு. இவரு சாப்பாட்டத் தொடாம செவுத்தப் பாத்துக்கிட்டு உக்காந்துட்டாரு.

நானும் வாயில்லாப் பூச்சிதான் மேடம். புருஷன்கிட்டகூட ஒரு வார்த்த எதுத்துப் பேசினதில்ல. மொதல் நாள் பதினோரு மணிக்கு எதிர்ல போயி நின்னேன். என்னம்மான்னாரு. மன்னிச்சுக்குங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன். ஒரு வாரம் இப்படியே. அவரு மகளுக்குப் போன் போட்டு, என்ன ஆளு அனுப்பியிருக்க, தலகாணியக் குத்தற மாதிரி இருக்குன்னு சொல்லிட்டு வெச்சிருக்காரு.

அப்புறம் அந்த மகதான் போன்லயே பழக்கிவிட்டாங்க. நேத்து முடிஞ்ச விஷயத்த இன்னிக்கு இழுக்கணும். பதில் இல்லாதப்ப உங்க மாதிரி எத்தன பேரப் பாத்திருக்கேன்னு ஒரு போடு போடணும். வீட்ல பாத்திரம் கழுவறப்ப கொடத்தப் பாத்துத் திட்டிப் பாப்பேன். என் பாப்பாவுக்கு ஒண்ணர வயசு, கையத் தட்டிச் சிரிப்பா. எங்கம்மாதான் பயந்து போயி, யார்கூடடி பேசறேன்னு பக்கத்துலயே வந்து படுத்துக்கிச்சு.

சண்டைன்னு ஒண்ணு உருப்படியா நடந்தது ஜன்னலுக்குத்தான். தொறக்கணுமா சாத்தணுமான்னு. உள்ள போ, உள்ள போ, வழியில நிக்காதேன்னாரு. எனக்கு எங்கேருந்து வந்துதோ தெரியல, இது உங்க வண்டி இல்ல, நான் எறங்க முடியாதுன்னுட்டேன். அன்னிக்கு ரெண்டாந்தரம் சோறு கேட்டு வாங்கினாரு மேடம். நாப்பத்தியொரு கிலோ இருந்தவரு இப்ப நாப்பத்தேழு. போன மாசம் எடை போட்டு எழுதினது நீங்கதான.

செவ்வாக்கெழமதான் கொஞ்சம் மிஞ்சிப் போச்சு. துண்ட எங்க காயப் போடறதுன்னு ஆரம்பிச்சது. அவரு பாதியில இருக்கறப்ப பதினொண்ணு இருபது ஆயிடுச்சு. நான் நேரம் முடிஞ்சுதுன்னு எந்திரிச்சுப் போயிட்டேன். தோத்த மாதிரி ஆயிடுச்சு அவருக்கு. மூஞ்சி செத்துப் போச்சு. உன் மேல கம்ப்ளைண்ட் குடுக்கறேன் பாருன்னாரு. சர்வீஸ் பூரா ஊரே அவரு மேல எழுதியிருக்காம், அவரு ஒருத்தர் மேலயும் எழுதினதில்லையாம். ஆச இருக்கும்ல.

எப்படி எழுதினாரா? அவரு கைதான் நடுங்குதே, டம்ளரே பிடிக்க முடியாது. அதே ஃபாரத்துல ஒம்போதாவது வரி பாருங்க, கடிதம் எழுத உதவி செய்யணும்னு இருக்கு. இந்த லெட்டர்ல கொம்பெல்லாம் கோணக்கோணையா இருக்கே, எந்தப் படிச்சவங்க அப்படி எழுதுவாங்க. நான்தான் எழுதினேன். அவரு, இவ என்னைத் திட்டினான்னு மட்டுந்தான் சொன்னாரு, வலுவா இல்லையேன்னு தட்டு விஷயத்த நான்தான் எடுத்துக் குடுத்தேன். ரொம்ப சந்தோஷம் அவருக்கு. வீட்டுக்குப் போற வழியில நானே தபால் பெட்டியில போட்டுட்டும் போனேன்.

அதனால ஒரே ஒரு உதவி மேடம். கதவு தொறந்துதான் இருக்கு. அந்தப் பக்கம் நாற்காலிய இழுத்துப் போட்டுக்கிட்டு, நீங்க வந்ததுலேருந்து காத வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. நாம மெல்லப் பேசறது அவருக்கு எட்டல, அவருக்குக் கேக்கற மாதிரி சத்தமா என்னை நல்லா நாலு திட்டு திட்டிட்டுப் போங்க. வேலய விட்டு அனுப்பறேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. பதறிப்போயி கம்ப்ளைண்ட திரும்ப வாங்கிக்கறேன்னு இன்னொரு லெட்டர் சொல்லுவாரு. அதையும் நான்தான் எழுதணும்.