அந்தக் குழாய்க்கு ரோட்டம்மா பெயர் வேண்டாம்

மேடையில் வீற்றிருக்கும் நகராட்சித் தலைவர் அவர்களே, பொறியாளர் அவர்களே, தாயைப் பறிகொடுத்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மகளே, மழைக்கோட்டும் வாளியுமாகச் சாலையில் நின்ற தோழர்களே, வணக்கம்.

இந்த நகராட்சி ரோட்டம்மாவுக்கு அநியாயம் செய்தது. அதை விழுங்கிவிட்டு அவர் புகழை மட்டும் பேச எனக்கு வாய் வராது. இருபது ஆண்டுகள் தேரைகளைக் காப்பாற்றியவரைப் பார்த்து, தேரைகள் செத்ததற்கு நீங்கள்தான் காரணம் என்றார்கள். சொன்னது இதே மண்டபத்தில். இன்று அதே வாயால், தேரைகள் கடக்கச் சாலைக்கு அடியில் பதித்து ஒரு தேரைகூட எட்டிப் பார்க்காத குழாய்க்கு அவர் பெயரைச் சூட்டப் போகிறார்களாம். பலகையும் எழுதியாயிற்றாம்.

அவர் நெஞ்சடைப்பில் போனார். அந்தச் சாவை யார் தலையிலும் கட்ட நான் வரவில்லை. அவர் தலையில் பழியைக் கட்டியது யார் என்றுதான் கேட்கிறேன்.

வெளியூரிலிருந்து உறவினர்கள் வந்திருக்கிறீர்கள். உங்களுக்காகச் சொல்கிறேன். பைபாஸ் சாலைக்கு ஒரு பக்கம் தோப்பு, மறுபக்கம் குளம். தோப்பில் வாழும் தேரைகள் மழைக்காலம் தொடங்கியதும் முட்டையிடக் கிளம்பும். தாம் பிறந்த அந்தக் குளத்துக்குத்தான் போகும். பூங்காவில் நகராட்சி புதுக் குளம் ஒன்று வெட்டி வைத்திருக்கிறதே, அதன் கரை மேலேயே நடந்து, அதைத் திரும்பியும் பார்க்காமல் பழைய குளத்துக்குப் போகும். பொழுது சாயும் நேரத்தில் சாலையில் இறங்கும். வண்டி வந்தால் ஒதுங்கத் தெரியாது. அவற்றை வாளியில் அள்ளி மறுபக்கம் சேர்த்தவர்தான் ரோட்டம்மா.

நான் அந்தச் சாலையில் பேருந்து ஓட்டியவன். ஒரு மழை நாளில் நடுரோட்டில் கையை விரித்துக்கொண்டு ஓர் அம்மாள் நிற்கிறார்.

"அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க. குறுக்க போறாங்க."

"யாரும்மா போறா? ஒருத்தரையும் காணோமே."

"கீழ பாருங்க."

"தேரையா? தாவிப் போகச் சொல்லும்மா. வண்டியில இருக்கிற ஜனம் வீடு போய்ச் சேர வேணாமா?"

"தேரை தாவாதுண்ணே. நடக்கும்."

கண்டக்டர் சன்னலில் தலையை நீட்டி, "நிக்க இடமிருக்கு, ஏத்திக்கலாமா?" என்றார். பேருந்தே சிரித்தது. அந்த அம்மாள் சிரிக்கவில்லை. வாளியைத் தூக்கி நீட்டி, "தாராளமா ஏத்திக்கோங்க" என்றார். அன்று தொடங்கியது எங்கள் சண்டை.

நான் எட்டாவதோடு நின்றவன். படித்ததெல்லாம் பணிமனைக்குப் பக்கத்து நூலகத்தில். பள்ளம் இருக்கிற பக்கம் தேரை இறங்குகிறது, இதில் என்ன அதிசயம் என்று வாதாடினேன். மறுவாரம் மூடி போட்ட வாளியோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். குளத்துக்கு அப்பால், குளத்தைவிடத் தாழ்ந்த வயலில் கொண்டுபோய் விட்டோம். தேரைகள் கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தன. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி, மேட்டைப் பார்த்து, குளத்துப் பக்கமாக ஏறத் தொடங்கின.

"இப்ப என்னண்ணே சொல்றீங்க?"

"காத்து அங்கேருந்து வருது. குளத்து வாசனையைப் பிடிச்சிருக்கும்."

"அப்போ பள்ளம் போச்சா?"

"பார்க்கலாம்" என்றேன். பார்ப்பதற்காகப் புத்தகங்களைத் தேடிப் போனேன். பறவைக்குச் சூரியனும் விண்மீனும் வழி சொல்கின்றன. கடலாமை பூமியின் காந்தத்தை உணர்கிறது. சில மீன்கள் பிறந்த ஆற்றை வாசனையால் அறிகின்றன. தேரைக்கு வாசனையும் உதவும், காந்தமும் உதவும் என்கிறார்கள் ஆராய்ந்தவர்கள். கையளவு உடம்புக்குள் இத்தனையும் இருக்கிறது. அதற்கு வழி கற்பிக்க நாம் யார்?

அவரை ஏன் ரோட்டம்மா என்றோம்? இந்த நகராட்சியில் பொறியாளராக இருந்து அந்தச் சாலையைப் போட்டவரே அவர்தான். ஒருநாள் சொன்னார்: "வரைபடத்துல தோப்பு இருந்துச்சுண்ணே, குளம் இருந்துச்சு. நடுவுல போறவங்க இல்ல. நான் பாட்டுக்குக் கோடு இழுத்துட்டேன்." தான் இழுத்த கோட்டை ஆயுள் முழுக்கக் குனிந்து குனிந்து கடந்தவர் அவர். அப்படி ஓர் அதிகாரியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

போன ஆண்டு குழாய் வந்தது. நகராட்சி அதைச் சுரங்கப்பாதை என்கிறது. நான் குனிந்து பார்த்தேன், குழாய்தான். தேரைகள் சாலைக்கு வந்து சேர்வது டயர் கடை வளைவில். குழாயைப் பதித்ததோ பெட்ரோல் பங்க் ஓரத்தில். வளைவில் தோண்டினால் குடிநீர்க் குழாயை நகர்த்த வேண்டும், பங்க் ஓரத்தில் அந்தத் தொல்லை இல்லை. அதற்காக.

இங்கே உட்கார்ந்திருக்கும் பொறியாளர் ரோட்டம்மாவிடம் வேலை கற்றவர். ரோட்டம்மா இவரிடம் சொன்னார்: "தம்பி, அது வழி தெரிஞ்சு வர்றது. நாம காட்டுற பக்கம் வராது. வளைவுல போடு. முடியாதுன்னா வளைவுலேருந்து பங்க் வரைக்கும் தடுப்புச் சுவராவது வை."

"கொஞ்ச நாள் போனா தானா பழகிக்கும் மேடம்" என்று பதில் வந்தது.

பழகட்டும் என்று வாளிக்காரர்களுக்குத் தடை போட்டார்கள். காவலரை நிறுத்தினார்கள். மழை வந்தது. மறுநாள் காலையில் வளைவில் நசுங்கிக் கிடந்த தேரைகளை நாங்கள் மண்வெட்டியால் வழித்து எடுத்தோம். பிறகு இந்த மண்டபத்தில் கூட்டம் போட்டு, "இவங்க தூக்கிச் சுமந்து கெடுத்ததால தேரைங்க வழியை மறந்துடுச்சு" என்றார்கள். வழி மறந்தவை என்றால் ஏன் அதே வளைவில் செத்துக் கிடந்தன? மறக்காததால்தானே செத்தன? ரோட்டம்மா எழுந்து பேச அனுமதி கேட்டார். நேரமில்லை என்றார்கள்.

அதன்பின் ஒருநாள் என்னிடம் கேட்டார்: "உண்மையிலேயே நான்தான் கெடுத்துட்டேனாண்ணே?"

இல்லை என்றேன், அடித்துச் சொன்னேன்.

"நீங்க எதுக்குத்தான் ஆமாம்னு சொல்லியிருக்கீங்க?" என்றார்.

அந்தச் சந்தேகத்தோடுதான் அவர் போனார். அநியாயம் என்று நான் சொல்வது இதைத்தான்.

ஆகவே, ஆக வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். நகராட்சித் தலைவர், அன்று சொன்னது தவறு என்று இதே ஒலிபெருக்கியில், அவர் மகள் காதுபட, இன்றே சொல்ல வேண்டும். பொறியாளர், மழைக்கு முன்னால் வளைவுக்கும் பங்குக்கும் நடுவே தடுப்புச் சுவர் எழுப்ப வேண்டும். அடுத்த கோடைக்குள் குடிநீர்க் குழாயை நகர்த்தி வளைவிலேயே தோண்ட வேண்டும். பணிமனை மேலாளர், மழை பெய்யும் மாலைகளில் பேருந்துகளைப் பழைய சாலை வழியாகத் திருப்பிவிட வேண்டும். காவல் ஆய்வாளர் தடையை நீக்க வேண்டும். நீக்காவிட்டாலும் முதல் மழைக்கு நான் வாளியோடு அந்த வளைவில் நிற்பேன், தோழர்களும் வர வேண்டும். பலகை எழுதிய தம்பி எங்கே இருந்தாலும் கேட்டுக்கொள்ளட்டும்: அதிலிருந்து ரோட்டம்மாவின் பெயரை இன்று மாலைக்குள் அழித்துவிட வேண்டும்.