சிவப்பு அட்டைக்கு ஒரு கேமரா

செண்பகனூர் டவுன் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில், காட்டேஜ்களில் பெருக்கித் துடைக்கும் இரண்டு பெண்கள்.

"ஒரு பழைய புக்குக்குப் போயி கேமரா மாட்டுவாங்களா?" என்றாள் மூத்தவள்.

"அந்தக் காலத்து கம்யூனிஸ்ட் புக்கு அக்கா, சிவப்பு அட்டை. ஓனர் பழைய புக்கு கடையில தேடிப் புடிச்சு ஹால்ல வச்சிருக்காரு. வர்றவங்க அதைக் கையில வச்சு போட்டோ எடுக்குறாங்க."

"உள்ள என்ன போட்டிருக்கு?"

"வேலை செய்யிறவங்களுக்கு ஓய்வு வேணுமாம். நான் அந்தப் பக்கத்தைப் படிக்கையில, கேமராவுல பாத்துட்டு மதுரையில இருந்து ஓனர் போன் போட்டாரு. புக்கை வச்சிட்டு சோலியப் பாருன்னாரு."

"அப்புறம் படிக்கலையா?"

"தொடைக்கிற மாதிரியே படிக்கிறேன்க்கா. நேத்தும் போன் போட்டாரு. அந்த புக்கை மட்டும் எவ்வளவு கவனமா தொடைக்கிறன்னு சந்தோசப்பட்டாரு."