ஏழு படிக் கொலுவுக்குப் பின்னால்

எங்கள் தொம்மலூர் வீட்டுக் கொலுவை அந்த வருடம் பார்த்தவர்கள் எல்லோரும் நன்றாக இருந்தது என்றுதான் சொன்னார்கள். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தோஷம்தான்.

அப்போதுதான் வீட்டுக்கு வயர்லெஸ் இன்டர்நெட் வந்திருந்தது. கொண்டுவந்தவன் என் மகன் அபினவ். ஹாலில் வந்த சிக்னல் சமையலறைக்கு எட்டவில்லை. லேப்டாப்பைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு வீடு முழுக்க நடந்து பார்த்தான். கடைசியில் ரவுட்டரை ஹாலின் நடுச்சுவர் அலமாரியில் வைத்ததும் எல்லா அறைகளிலும் சிக்னல் முழுசாக வந்தது.

“நான் கனடா போனப்புறம் நீ தாளிச்சிண்டே என்னோட பேசலாம்மா. முகம் தெரியும். இதுக்கு முன்னாடி இரும்புச் சாமான் மட்டும் வைக்காதே. தண்ணி டிரம்மும் கூடாது, சிக்னலைக் குடிச்சுடும்.”

எதையும் விவரமாகச் சொல்லிக் கொடுக்கிற பிள்ளை. ஒரே பிள்ளை. கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

கனடாக் கம்பெனி வீடியோ இன்டர்வியூவை ஆயுத பூஜையன்று மாலை வைத்திருந்தது. அந்த ஊர்க்காரர்களுக்கு ஆயுத பூஜை ஏது? இங்கே அன்றைக்கு பிரவுசிங் சென்டர்கூடத் திறக்காது. லேப்டாப்பை சரஸ்வதி பூஜையில் வைத்துவிட்டால் அன்று முழுவதும் தொடக்கூடாது. அந்த வழியும் இருந்தது. ஆனால் அது அநியாயம். நான் அப்படிப்பட்டவள் இல்லை.

கொலுவை அந்த அலமாரிக்கு முன்னால் வைத்தேன், அவ்வளவுதான். கீழ்ப்படிகளுக்கு இரும்பு டிரங்குப் பெட்டிகள், மேல்படிகளுக்கு எண்ணெய் டின்கள். ஆடக்கூடாதே என்று டின்களில் தண்ணீர் நிரப்பினேன். வெள்ளை வேட்டி விரித்து மூடினேன்.

“வருஷா வருஷம் ஜன்னல் பக்கம்தானே வைப்பே, பாமா?” என்றார் என் கணவர் சேஷகிரி.

“அங்க வெயில் படறது. பொம்மையெல்லாம் வெளுத்துப் போறது.”

அபினவ் தலையைச் சொறிந்தான். “அம்மா, ரவுட்டர் பின்னாடி மாட்டிண்டுடுத்தே.”

“வச்ச கொலுவை விஜயதசமி வரைக்கும் நகர்த்தப்படாதுடா.”

அம்பாள் விஷயம். ஆயுத பூஜையன்று மாலை தெருவையே தாம்பூலத்துக்கு அழைத்திருந்தேன். ஹாலில் பெண்கள் கூட்டம். பாட்டு வேறு. அவன் தன் அறையில்தான் உட்கார வேண்டியிருந்தது.

சுண்டல் கொடுக்கும் சாக்கில் எட்டிப் பார்த்தேன். திரையில் ஒரு வெள்ளைக்காரர் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றிருந்தார். அபினவ் “ஹலோ, கேன் யூ ஹியர் மீ, ஹலோ” என்று மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தான். குரல் உடைந்துவிட்டது. நான் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டேன். சுண்டலில் உப்பு சரியாக இருந்தது.

அவர்கள் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். “என் தலையெழுத்தும்மா” என்றான். நான் அவன் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

தெரிந்துதான் செய்தேன். மறைக்க என்ன இருக்கிறது? இப்போது ஆபீஸ் விட்டு வந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான். பிள்ளை சிரித்து ஒரு வருஷமாகிறது என்கிறார் இவர். கனடா போயிருந்தால் அவனைக் கம்ப்யூட்டரில்தான் பார்த்திருப்பேன். இங்கே என்றால் கதவைத் தட்டினால் போதும். சில நாள் திறக்கவும் செய்கிறான்.