சிரிச்சாத்தான் எடுக்கும்

இருங்க அம்மிணி, பிரிண்ட் போட்டுக் குடுக்க ஒரு நிமிசம் ஆகாது. ஆனா இதக் கொண்டுபோயி எதுத்தாப்ல மகளிர் ஸ்டேசன்ல நீட்டுனீங்கன்னா, அடி எங்கம்மான்னு உங்களயவே திருப்பிக் கேப்பாங்க. செல்லுல பாருங்க, கன்னம் பொம்மையாட்டம் வழவழன்னு இருக்குது. நேர்ல கண்ணு தொறக்க முடியாம கருநீலமா வீங்கிக் கெடக்குது. பியூட்டி மோடு போட்டு வெச்சிருக்கறீங்க. அதுக்கென்னங்க தெரியும், பரு எது, குத்து எதுன்னு? எல்லாத்தையும் ஒரே தடவா தடவி உட்டுருச்சு.

கதவுல இடிச்சுக்கிட்டதுங்களா? செரி. கதவுல இடிச்சுக்கிட்டவங்க யாரும் எங்கிட்ட வந்து போட்டோ பிரிண்ட் கேட்டதில்லீங்க.

மூஞ்சியப் பாதி மூடியிருக்கற துண்ட எடுத்துட்டு ஸ்டூல்ல உக்காருங்க. அது எம் பொண்ணு நிலா. டீயில பிஸ்கட்ட முக்கிக்கிட்டு உங்களயவே பாக்கறா, நீங்களும் அவளயவே பாக்கறீங்க. யாரயோ பாத்தாப்ல இருக்குதுங்களா? நெறயப் பேரு அப்பிடித்தான் சொல்லுவாங்க.

நானும் இப்பிடிச் செல்லுல படம் எடுத்தவதானுங்க. நாமக்கல்லுக்கு அக்கட்ட, எங்க ஊட்டுக்காரனுக்குக் கோழிப்பண்ணை. பொழுது சாயற நேரம், லாரிக்கு முட்டை அட்டை அடுக்கிட்டு இருந்தேன். ஒரு அட்டை கை நழுவிப் போச்சு. முப்பது முட்டை, அவ்ளோதான். முடியப் புடிச்சு இழுத்து, ஒடஞ்ச ஓட்டு மேலயே மூஞ்சிய வெச்சுத் தேச்சான். ஓடு சதைக்குள்ள ஏறிருச்சு. எந்திரிக்க உடாம இடுப்புல மிதிச்சான். வயித்துல இவ நாலு மாசம். ரெண்டு கையையும் வயித்துக்குக் குடுத்துட்டேன், மூஞ்சிய அவனுக்கு உட்டுட்டேன். மோதிரம் போட்ட கையில குத்துனான். எத்தன குத்துன்னு எண்ணல. கடைசிக் குத்துல முன்பல்லு ஒடஞ்சுச்சு. இப்பப் பாக்கறீங்களே, இது கட்டுன பல்லு. நல்லா இருக்குதில்ல?

தீவன ரூமுக்குள்ள ஓடித் தாப்பாப் போட்டுக்கிட்டுச் செல்ல எடுத்தேன். கையெல்லாம் முட்டை வழுவழுப்பு, பட்டனத் தொட்டாச் செல்லு கேக்கல. சிரிச்சாத்தான் படம் எடுக்கற செட்டிங்கு ஒண்ணு இருக்குதுங்களே, கல்யாணத்தப்ப ஆசையாப் போட்டு வெச்சது, அது அப்பிடியே கெடந்துச்சு. செல்லு எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டே நிக்குது. வெளிய அவன் கதவ ஒதைக்கறான். என்ன பண்றது? சிரிச்சேனுங்க. ஒதடு கிழிஞ்சு தொங்குது, இன்னுங் கொஞ்சம் கிழியட்டும்னு ஈன்னு காட்டுனேன். டிக்குன்னு எடுத்துச்சு. ஆறு படம். ஆறுலயும் சிரிப்பு.

அவங்க வக்கீலு அதத்தான் கோர்ட்டுல தூக்கிக் காட்டுனாரு. அடி வாங்குன பொம்பள இப்பிடியாச் சிரிப்பான்னு கேட்டாரு. குண்டு பல்பு வெளிச்சத்துக்குத் தக்கன செல்ல மாத்தி வெக்காததுல படம் முழுக்க மஞ்சளு. ரத்தம் எது, மஞ்சக்கரு எதுன்னு எனக்கே தெரியல. முட்டையில வழுக்கி உளுந்துட்டாள்னு முடிச்சுட்டாங்க. ஆஸ்பத்திரிச் சீட்டுல எடது கன்னம்னு எழுதியிருந்துச்சு. செல்பி கண்ணாடியாட்டம் திருப்பிக் காட்டி வலது கன்னமாக்கிருச்சு. கேஸ் நிக்கல. அப்புறம் எங்க ரெண்டு பேரையும் பிரிச்சு உட்டாங்க.

அதுக்கப்புறந்தான் ஸ்டுடியோவுல வேலைக்குப் போயி எல்லாங் கத்துக்கிட்டேன். கடைய ஸ்டேசனுக்கு எதுத்தாப்ல போட்டது வேணும்னேதான்.

இக்கட்ட வாங்க, வாசல் வெளிச்சத்துக்கு. பிளாஷ் வேண்டாம், வீக்கத்த வெளுத்துக் காட்டிப்புடும். ஸ்கேலக் கன்னத்தோரமாப் புடிச்சுக்குங்க, காயம் எத்தாப்பெருசுன்னு தெரியணும். கேமராவுல தேதி சரியா இருக்குது. இத வாட்சப்புல அனுப்பப்படாது, வெட்டப்படாது, கேமராவுல இருக்கறது இருக்கறபடிக்கே இருக்கணும். அம்மிணி, சிரிக்கறீங்க பாருங்க. கேமராவப் பாத்தா எல்லாருக்கும் வர்றதுதான். வேண்டாம். மூஞ்சி எப்பிடி இருக்குதோ அப்பிடியே இருக்கட்டும்.

ம்.

பெருசு பண்ணறேன், பாருங்க. கன்னத்து எலும்பு மேல இந்த மூணு புள்ளி. சதுரத்துல ஒரு மூலை மட்டும் இல்ல. மோதிரத்துக் கல்லப் புடிச்சிருக்கற கம்பியோட தடமுங்க அது. நாலு இருக்கணும், மூணுதான் இருக்குது.

நாலு இருந்துச்சுங்க. எங்கப்பன் செவ்வாய்ப்பேட்டை ஆசாரிகிட்டச் செய்யச் சொல்லி மாப்பிள்ளைக்குப் போட்ட கோமேதக மோதிரம். கேஸ் முடிஞ்சு ஒரு மாசங் கழிச்சு ஈறு சீப்புடிச்சு, பல் டாக்டரு கீறி எடுத்தாரு. அரிசி மொனை அத்தனைக்கூண்டு தங்கம். பாஸ்போர்ட் சைஸ் கவர்ல போட்டு இந்த டிராயர்லதான் வெச்சிருக்கறேன். நாலாவது கம்பி இதுதானுங்க.

மொதப் பொண்டாட்டி ரஞ்சிதா ஓடிப்போயிட்டாள்னு நந்தகுமாரு உங்ககிட்டச் சொல்லியிருப்பான். ஓடலீங்க, இங்கதான் போட்டோ புடிச்சிட்டு இருக்கறேன். அழுவாதீங்க, படம் இன்னும் ரெண்டு எடுக்கணும். எடுத்துட்டு ஷட்டர எறக்கிட்டு நானும் வாரேன். கவரையும் எடுத்துக்கறேன்.

நிலா, பிஸ்கட்ட வெச்சுட்டு வா சாமி. சித்தி கையக் கெட்டியாப் புடிச்சுக்க, ரோட்டுல லாரி வருது.