மதாம்மாவின் பத்தொன்பதாவது கிணறு

மத்தியானம் இரண்டு மணி. மட்டாஞ்சேரி பஜார் ரோடு. அன்றைக்கு ஹர்த்தால்.

பேய் மத்தியானத்திலா வரும் என்று ரயீஸ் சிரிக்கிறான். சிரிக்கட்டும். கரண்ட் வர இன்னும் நேரம் இருக்கிறது. மெழுகுவர்த்தியை நடுவில் தள்ளி வை. எல்லோரும் கிட்ட வந்து உட்காருங்கள்… சத்தமாகச் சொல்கிற கதை இல்லை இது.

நடந்தது முத்துவேலின் சித்தப்பா சுப்புராஜுக்கு. முத்துவேலைத் தெரியுமே, இங்கே பிராட்வேயில் பாத்திரக் கடையில் நிற்கிறவன். நாலு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. அவன் வாயால் கேட்டதைத்தான் சொல்கிறேன்.

ஹர்த்தால் என்றால் எப்படி இருக்கும், உங்களுக்கே தெரியும். குடோன் ஷட்டர் எல்லாம் இறங்கியிருக்கிறது. ஆட்டோ இல்லை, லாரி இல்லை. வெயிலில் காய்கிற சுக்கு வாசனை மட்டும்… சுப்புராஜ் நடு ரோட்டில் தனியாக நடந்தார். செருப்புச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. யாரோ பின்னால் வருகிற மாதிரி. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கிணறு துளைக்கிற போர் வண்டியில் வேலை அவருக்கு. சாப்பிடுவார், வேலை பார்ப்பார், படுப்பார். சித்தப்பா சிரித்தும் பார்த்ததில்லை, அழுதும் பார்த்ததில்லை என்பான் முத்துவேல். ஒரு தடவை இரும்புக் கம்பி விழுந்து கால் விரல் நசுங்கிவிட்டது. "துணி இருந்தா குடுங்க" என்றாராம். தீப்பெட்டி கேட்கிற மாதிரி.

அந்த வாரம் பஜார் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் வேலை. நம் தமிழ் ஆட்கள் ஜெபத்துக்குக் கூடுகிற சின்ன சபை ஒன்று அங்கே இருக்கிறது. தகரக் கூரை. முப்பது குடும்பம். இரண்டு நாளைக்கு ஒரு முறை டேங்கர் லாரி வந்தால்தான் தண்ணீர். அவர்களுக்கு ஆழ்குழாய்க் கிணறு போட்டுக் கொடுக்க, வெளிநாட்டுச் சபை ஒன்று ஒரு மிஷனரி அம்மாவை அனுப்பியிருந்தது. எல்லோரும் மதாம்மா என்றே கூப்பிட்டார்கள். அறுபது வயது இருக்கும். முழங்கை வரை சேறோடு அவரே கம்பி பிடிப்பார். ஆப்பிரிக்கா, கம்போடியா என்று எங்கெங்கோ உள்ள சபைகளுக்குப் பதினெட்டுக் கிணறு போட்டவர். இது பத்தொன்பதாவது.

ஹர்த்தாலால் அன்று வேறு யாரும் வரவில்லை. சுப்புராஜ், மதாம்மா, அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்கிற சபைப் பெண் ரோஜா. மூன்றே பேர். முன்னூறு அடி முடிந்து குழாயும் இறக்கியாகிவிட்டது. நாடா விட்டுத் தண்ணீர் மட்டம் பார்ப்பதுதான் பாக்கி.

மதாம்மா நாடாவை எடுக்கவில்லை. மண்டியிட்டுக் குழாய் வாயில் காதை வைத்தார். அப்படியே இருந்தார்… ரொம்ப நேரம்.

பிறகு பையிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்து ரோஜாவிடம் ஏதோ சொன்னார்.

"சேட்டா," என்றாள் ரோஜா. "மதாம்மா போட்ட எல்லாக் கிணத்துலயும் ஒரு கொச்சுப் பிள்ளை குரல் கேக்குமாம். எந்த ராஜ்யம் போனாலும் ஒரே வார்த்தையாம். அர்த்தம் தெரியாம, காதுல விழுந்தபடியே எழுதி வெச்சிருக்காங்க. இப்பவும் கேட்டுச்சாம்."

"என்ன வார்த்தை?"

மதாம்மா நோட்டைப் பார்த்து எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"மா… மா. தண்… ணி. வந்… துச்சா."

ரோஜா சிரித்துவிட்டாள். "அய்யோ, இது நம்ம தமிழாக்கும்! மாமா, தண்ணி வந்துச்சான்னு…" பாதியில் சிரிப்பு நின்றது. மதாம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டாள். இரண்டு பேரும் மெல்லப் பேசிக்கொண்டார்கள். "அவங்க பாஷையில மாமான்னா அம்மாவாம் சேட்டா. ஏதோ பிள்ளை அம்மாவத் தேடுதுன்னு இத்தன வருஷமா நினைச்சிட்டிருந்தாங்களாம்."

சுப்புராஜ் எழுந்தார். குழாயிடம் போய்க் குனிந்தார்.

முதலில் வாசனை. மட்டாஞ்சேரியில் எவ்வளவு ஆழம் போனாலும் களிமண், மணல், சிப்பி… சேற்று நாற்றம்தான் வரும். பாறையே தட்டாது. ஆனால் அந்தக் குழாயில் கல்தூள் வாசனை அடித்தது. பாறையைத் துளைக்கும்போது சூடாக வெள்ளைத் தூள் பறக்குமே… அது. அப்புறம் குரல். ரொம்பக் கீழே இருந்து.

"மாமா… தண்ணி வந்துச்சா?"

அதற்கும் எட்டு வருஷத்துக்கு முன்னால், மதுரைக்கு மேற்கே ஒரு மானாவாரிக் காட்டில் சுப்புராஜ் போர் போட்டிருந்தார். நானூறு அடி. வெறும் தூள். காட்டுக்காரர் மகன் அழகர், நாலு வயது. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து நாள் முழுக்க இந்த ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். தண்ணீர் இல்லை என்று ஆனதும் மேல் குழாயை உருவி எடுத்துக்கொண்டார்கள். குழியை மூட நேரமில்லை. சுப்புராஜ் அதன்மேல் ஒரு சாக்கை விரித்து நாலு மூலைக்கும் கல் வைத்தார். காலையில் வந்து மூடிக்கொள்ளலாம் என்று.

காலையில் பையன் சாக்கின் மேல் ஏறி நின்றிருக்கிறான்.

மூன்று நாள் பார்த்தார்கள். கயிறு, கேமரா, பக்கத்தில் இன்னொரு குழி. முதல் நாள் குரல் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. எடுக்க முடியவில்லை… அங்கேயே சிமெண்ட் ஊற்றி மூடினார்கள். அன்றைக்கு ஊரை விட்டு வந்தவர்தான் சுப்புராஜ்.

இதை அந்தச் சந்தில் வைத்துத்தான் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னார். ரோஜா அழுதுகொண்டே மொழிபெயர்த்தாள். அவர் அழவில்லை. எந்த வருஷம், எந்த மாதம் என்று மதாம்மா கேட்டார். சொன்னார். மதாம்மா நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அவர் போட்ட முதல் கிணறு. ஆப்பிரிக்காவில், மலாவி. அதே வருஷம், அடுத்த மாதம்.

"இன்னும் கேக்குதா சேட்டா?" என்றாள் ரோஜா. அவள் குழாய்ப் பக்கமே வரவில்லை.

சுப்புராஜ் குழாயில் வாயை வைத்தார்.

"இல்லடா சாமி… இன்னும் வரல. நீ மேல வந்துரு."

காதை வைத்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நாடாவை விட்டார். நாற்பது அடியிலேயே நனைந்து வந்தது. உப்புக் கரிக்கிற அந்த மண்ணில் இளநீர் மாதிரித் தண்ணீர். சபைக் குடும்பங்கள் இன்றைக்கும் அதைத்தான் குடிக்கிறார்கள்.

பம்பு மாட்டி முடித்த அன்று அவர் மதாம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "என்னையும் கூட்டிட்டுப் போங்க. எங்க குழி போட்டாலும் கேக்குறான். பதில் சொல்ல ஆள் வேணும்ல."

கூட்டிக்கொண்டு போனார். நாலு வருஷமாக அவர்தான் ஒவ்வொரு குழாயிலும் முதலில் குனிகிறார். கேட்கிறார். இல்லடா, இன்னும் வரல என்கிறார். அப்புறம்தான் தண்ணீர் வருகிறதாம்.

போன வெள்ளிக்கிழமை மலாவியிலிருந்து போன் பண்ணியிருக்கிறார்.

"இன்னும் கேக்குதா சித்தப்பா?" என்று கேட்டிருக்கிறான் முத்துவேல்.

"கேக்குது."

"அதே கேள்விதானா?"

போனில் பின்னால் போர் வண்டி ஓடுகிற சத்தம் மட்டும்…

"அதேதான்டா. ஆனா, குரல் உடைஞ்சிருச்சு. பதினாறு வயசாகுதுல்ல."