பியருக்கு ஒரு அருச்சனை

ரொக்ஸ்பரோ ரயிலில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். ஒருத்தி சொன்னாள்: "இவர் வீட்டில பியர் காய்ச்சத் தொடங்கினதுக்குப் பிள்ளையாருக்கு அருச்சனை செய்தனான்."

"உனக்கென்ன விசரே?"

"இல்லையடி. முந்தி வேலை முடிய டெப்பனர் கடையில பியர் வாங்கி, சிநேகிதரோட நிண்டு குடிச்சுப்போட்டு, பிள்ளையள் நித்திரையான பிறகுதான் வருவார். காசு மிச்சம் பிடிக்கவெண்டு லாகர் எண்ட பியரை வாளிக்குள்ள போட்டார். அது குளிருக்குள்ள கனநாள் கிடக்கவேணுமாம். இப்ப வேலை முடிய நேர பல்கனிக்கு ஓடி வாறார், வாளி உறைஞ்சுபோச்சோ எண்டு பாக்க. பிள்ளையளும் பின்னால."

"பழுதாப்போனால்?"

"முதல் போட்டது புளிச்சுத்தான் போனது. சிங்குக்குள்ள ஊத்திப்போட்டு, பக்கத்தில நிண்டு எனக்கு வெங்காயம் உரிச்சுத் தந்தவர்."

மற்றவள் கைப்பையிலிருந்து பேனையை எடுத்தாள்.

"எடியே, அந்த வாளி எங்க விக்கிறாங்கள்?"