கிரீஸ் வளையம்

— செத்துப்போச்சுன்னு யாரு சொன்னது? இந்தச் செடியோட கிழங்க அமுக்கிப் பாருங்கக்கா. மேல கல்லு மாதிரி இருக்கு. அடியிலதான் கொழகொழன்னு போயிருக்கு.

— அமுக்கினா தண்ணி வருது தம்பி. கிராப் டாக்சிக்காரன் வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பாத்தான், சீட்டு நனைஞ்சிடுமோன்னு.

— மாசாய்ல இருந்து கூலாய் வரைக்கும் மடியில வச்சிக்கிட்டேவா வந்தீங்க?

— வேற என்ன செய்ய? இதுக்காக இன்னிக்கு வேலைக்கு லீவு போட்டுட்டு வந்தேன். என்கூட பேக்டரி லைன்ல வேலை செய்ற சாந்தினிதான் சொன்னா. கூலாய்ல நாதன்னு ஒருத்தர் அடினியம் வளக்கிறாரு, செடிக்கு டாக்டர் மாதிரி, ஆனா பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாருன்னு.

— அவங்க சொன்னது சரிதான்க்கா. நாள் முழுக்க செடிங்களோட இருக்கேன். அதுங்க பதில் சொல்லாது. ஆள் கிடைச்சா விடமாட்டேன்.

— ஆனா நான் வைத்தியத்துக்கு வரல. இத இங்கேயே விட்டுட்டுப் போலாம்னு வந்தேன். பொழச்சா யாருக்காவது குடுத்துடுங்க.

— இவ்ளோ பெரிய அடிக்கிழங்கு வர்றதுக்கு வருசக்கணக்கா ஆகும். ஏன்க்கா விடுறீங்க?

— சனிக்கிழமை நான் தங்காக் போறேன். தங்கச்சிக்கு அங்க துணிக்கடை இருக்கு. மேல ரூம் காலியா கெடக்கு, வந்து இருன்னா. இனிமே அங்கதான்.

— வீட்ல வேற யாரும் இல்லையா?

— வீட்டுக்காரர் இருக்காரு. பாசிர் கூடாங்ல மெக்கானிக், ராத்திரி ஷிப்ட். எனக்குப் பகல் ஷிப்ட். அவரு மோட்டர் சைக்கிள் உள்ள வர்ற நேரம், என் பஸ் முனையில திரும்பும். நான் ஆக்கி வச்சத சாப்பிட்டு, தட்டக் கழுவி கவுத்து வச்சிருப்பாரு. அந்தத் தட்டப் பாத்துத்தான் ஆளு வந்துட்டுப் போயிருக்காருன்னு தெரிஞ்சிக்குவேன். வாரத்துல ஆறு நாள் இப்படி. மிச்ச ஒரு நாள் அவரு டிவியப் பாப்பாரு, நான் சுவத்தப் பாப்பேன்.

— பிள்ளைங்க?

— ஒரே மக. கல்யாணம் பண்ணி சிங்கப்பூர்ல இருக்கா. அவ இருந்த வரைக்கும் "அப்பாகிட்ட சொல்லு, அம்மாகிட்ட சொல்லு"ன்னு அவ மூலமா பேசிக்கிட்டோம். இப்போ நடுவுல ஆள் இல்ல.

— சரிக்கா. இங்கயே விடுங்க. ஆனா இங்க தங்குற செடிக்கெல்லாம் நான் பேரு எழுதி குச்சி நட்டுடுவேன். என்ன பேரு போடட்டும்?

— என் பேருதான், தனலெட்சுமின்னு போடுங்க.

— தண்ணி எப்படி ஊத்துவீங்க?

— அளவாத்தான். வாரத்துக்கு ஒரு தடவை ஊத்தினா அதிகம்.

— மழை படுமா?

— படாது. வாசல்ல கூரை போட்ட போர்ச்சுக்குள்ள, அவரு மோட்டர் நிறுத்துற எடத்துக்குப் பக்கத்துல.

— அப்போ இதுல ஒரு விசயம் இருக்குக்கா. இது பாலைவனத்துச் செடி. தண்ணிய இந்தக் கிழங்குல சேத்து வச்சிக்கிட்டு, கொஞ்சம் கொஞ்சமா குடிக்கும். மண்ணு எந்நேரமும் ஈரமா இருந்தா வேருக்குக் காத்து கிடைக்காது. வேர் மூச்சு முட்டிச் சாகும். செத்த வேர்ல பூசணம் புடிச்சு, மெதுவா மேல ஏறி கிழங்கத் தின்னும். ஆனா வாரத்துக்கு ஒரு தடவைக்கு இப்படி ஆகாது. இந்த மண்ணுல தினமும் தண்ணி எறங்கியிருக்கு.

— நான் ஊத்தல தம்பி. பக்கத்து வீட்டுக்காரங்க பைப் புடிச்சா தெறிக்குமோ என்னவோ.

— தெறிச்சா இவ்ளோ ஆகாது. பூச்சி வந்துச்சா?

— வந்துச்சு. வெள்ள வெள்ளையா, பஞ்சு ஒட்டின மாதிரி, மொட்டுக்கு அடியில. காதுக் குச்சிய ஸ்பிரிட்ல முக்கி ஒண்ணொண்ணாத் தொட்டேன்.

— ரொம்ப சரி. அது மாவுப்பூச்சி. அந்தப் பஞ்சு மாதிரி இருக்கே, அது மெழுகு. மேல தண்ணி ஊத்தினா வழுக்கிட்டு ஓடிடும். ஸ்பிரிட் பட்டாதான் மெழுகத் தாண்டி உள்ள போகும். போச்சா?

— போகும், திரும்ப வரும். நடுவுல கொஞ்ச நாள் ஒண்ணுமே இல்ல. அப்புறம் எங்கிருந்து வந்துச்சோ, மறுபடியும்.

— எறும்புக்கா. பூச்சி சாறு குடிச்சிட்டு இனிப்பா கழிக்கும். எறும்புக்கு அது தேன். அதனால எறும்பு இத மாடு மாதிரி மேய்க்கும். தின்ன வர்ற பூச்சிய வெரட்டும், குஞ்சுங்களத் தூக்கிட்டுப் போயி புதுத் தளிர்ல விடும். எறும்ப நிறுத்தாம பூச்சிய ஒழிக்க முடியாது. ஆனா நீங்கதான் நிறுத்தியிருக்கீங்களே.

— நானா?

— இதோ, தொட்டியச் சுத்தி. கிரீஸ் பூசியிருக்கீங்களே. எறும்பு இதத் தாண்டாது, கால் ஒட்டிக்கும். நானே இத நெனச்சதில்ல. செடியில படாம, தொட்டியில மட்டும், என்ன அழகா ஒரு வளையம்.

— அது அவரு மோட்டர் எண்ணெ தம்பி. அங்க தொடச்சு இங்க தொடச்சு, கடைசில என் தொட்டியில கைய வச்சிருக்காரு. அன்னிக்கு என் பஸ் சீக்கிரம் வந்துச்சு, அவரு கெளம்பிக்கிட்டு இருந்தாரு, நல்லா ஏசிட்டேன். "ஒங்களுக்கு இந்த வீட்ல எது மேலயாவது அக்கறை இருக்கா, என் ஒரு தொட்டியக் கூட விட்டு வைக்க மாட்டீங்களா"ன்னு. அதான் நாங்க கடைசியா பேசினது.

— அவரு என்ன சொன்னாரு?

— ஹெல்மெட்ட எடுத்துக்கிட்டு வேலைக்குப் போயிட்டாரு. நான் மண்ணெண்ணெ போட்டு தேய்ச்சுத் தேய்ச்சு சுத்தமாக்கிட்டேன்.

— அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? பூச்சி மறுபடியும் வந்தது, நீங்க அதத் தொடச்ச பிறகா?

— இருக்கும். ஆமா, அதுக்குப் பிறகுதான்.

— கை பட்ட கறைன்னா திட்டுத் திட்டா இருக்கும். இத விரல் வச்சு சுத்திப் பூசியிருக்காங்க, ஒரு எடத்துலயும் விட்டுப்போகல. தொட்டிக்குப் பின்பக்கம் கூட. அப்புறம், நீங்க தேய்ச்ச அடையாளம் அடியில இருக்கு. இது அதுக்கு மேல. புதுசு.

— புதுசா?

— ஏச்சு வாங்கின பிறகும் பூசியிருக்காரு.

— அலமாக், அடக் கடவுளே.

— இருங்க, இன்னும் இருக்கு. இந்த எலையத் திருப்புங்க. அடியில பொடிப்பொடியா கீறல். பூச்சி கீறாது. யாரோ மணல் கலந்த எதையோ வச்சு ஒவ்வொரு எலையையும் தேய்ச்சிருக்காங்க. சோப்பாத்தான் இருக்கணும். சோப்பும் மாவுப்பூச்சியோட மெழுகக் கரைக்கும், அது தப்பில்ல. ஆனா நான் அந்த மாதிரி சோப்பு பாத்ததில்ல. மோந்து பாருங்க, என்னமோ ஆரஞ்சுப் பழ வாடை அடிக்குது.

— குடுங்க.

— என்னன்னு தெரியுதா?

— இருங்க, இன்னொரு தடவை மோந்து பாக்குறேன்.

— அக்கா? உக்காருங்க. அந்த ஸ்டூல இழுத்துக்குங்க.

— மெக்கானிக்குங்க கிரீஸ் கழுவுற சோப்பு தம்பி. உள்ள மணல் மாதிரி நறநறன்னு இருக்கும். எங்க பாத்ரூம்ல ஒரு டப்பா இருக்கு. இருவது வருசமா எங்க வீட்டுத் துண்டுல எல்லாம் இந்த வாடைதான்.

— சோப்புப் போட்டா கழுவி விடணும்ல. அதான் தண்ணி. வேலை முடிஞ்சு வந்து, தினமும் எலையத் தேய்ச்சு, பைப்பப் புடிச்சு அலசியிருக்காரு. அதெல்லாம் மண்ணுக்குள்ள எறங்கியிருக்கு. அவரு ஊத்துறது உங்களுக்குத் தெரியாது, நீங்க ஊத்துறது அவருக்குத் தெரியாது.

— காலையில தூங்காம இதையா செஞ்சுக்கிட்டிருந்தாரு? பன்னெண்டு மணி நேரம் நின்னு வேலை பாத்துட்டு வந்து?

— செடி மேல அவருக்கு ஆசை போல.

— ஆசையா? அவருக்கு ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் வித்தியாசம் தெரியாது லா. இது மக கல்யாணமாகிப் போறப்போ எனக்கு வாங்கிக் குடுத்தது. "நான் இல்லன்னா இதுகூட பேசும்மா"ன்னா. நானும் பேசுவேன். சாயங்காலம் வந்து, பைய வச்சிட்டு, இதுகிட்டதான் எல்லாத்தையும் சொல்லுவேன்.

— அவரு காலையில பேசியிருப்பாரு.

— என்ன பேசியிருப்பாரோ.

— சரி, கத்தி எடுக்கட்டுமா? இங்கயே விடுறதா இருந்தாலும் இன்னிக்கே வெட்டணும். கத்தியச் சுட்டு, வெள்ளச் சதை தெரியுற வரைக்கும் அழுகினத எடுத்துடணும். ஒரு பொட்டு பழுப்பு இருந்தாலும் விடக்கூடாது, அதுலேர்ந்து மறுபடியும் பரவும். கைய வைக்காதீங்க, அந்தப் பால் விஷம்.

— வெட்டுங்க. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்.

— பாத்தீங்களா, பாதிக்கு மேல நல்லாத்தான் இருக்கு. இனிமே வேரோட, மண்ணு இல்லாம, நிழல்ல தலைகீழா கட்டித் தொங்க விடணும். வெட்டின எடம் தோலு மாதிரி காயணும். அது வரைக்கும் தண்ணி கூடவே கூடாது. சுருங்கும், எலையெல்லாம் கொட்டும், பாக்கப் பாவமா இருக்கும். அப்பவும் ஊத்தக் கூடாது. உள்ள வச்சிருக்கிற தண்ணி அதுக்குப் போதும். இந்தக் கூரைக் கம்பியில உங்க பேரக் கட்டித் தொங்க விடுறேன்.

— வேணாம் தம்பி. அந்தப் பேரு எழுதின குச்சியக் குடுங்க. ஒரு பழைய பேப்பர் இருந்தா இதச் சுத்திக் குடுங்க. வீட்டுக்கே கொண்டு போறேன். போர்ச்சுல துணி காயப்போடுற கம்பி இருக்கு.

— கொண்டு போங்க. ஆனா அங்க சொல்லி வச்சிடணும். இல்லன்னா காலையில வந்து, சுருங்கிப் போச்சேன்னு பைப்பப் புடிச்சிடுவாரு. இந்தத் தடவை பொழைக்காது.

— சொல்லணும்னா எழுப்பணும். இப்போ தூங்கிக்கிட்டு இருப்பாரு. நான் பொறப்பட்டப்போ போர்வை தலை வரைக்கும் இருந்துச்சு.

— இன்னிக்கு எழுப்புங்க. சனிக்கிழமை நீங்க போன பிறகு யாரு சொல்றது? அது சரி, சனிக்கிழமை பஸ்ஸெல்லாம் கூட்டமா இருக்குமே. தங்காக் போறதுன்னா நடுவாரத்துல, அவரு வேலைக்குப் போன நேரத்துல போயிருந்தா, சத்தமில்லாம போயிருக்கலாமே.

— சனிக்கிழமைதான் தம்பி அவருக்கு லீவு. வேற நாள்ல போனா, "எங்க போற"ன்னு கேக்க வீட்ல யாரு இருப்பா?